கோழிக்குப் போட்ட லைட்

எங்கள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் பி.காம். என்று அச்சடித்திருந்தது. அது பொய். ஒரு பாடம் பாக்கி இருந்தது. எப்படியும் அடுத்த தடவை தேறிவிடுவாள், அதற்காகப் பத்திரிகையைத் திரும்பவா அடிக்க முடியும் என்று அப்பா தைரியமாகப் போட்டுவிட்டார். காஸ்ட் அக்கவுண்டிங் என்கிற அந்தப் பாடம் அடுத்த தடவையும் என்னைத் தேற விடவில்லை, அதற்கடுத்த தடவையும் விடவில்லை. பிறகு மகள் பிறந்தாள், பண்ணையில் இன்னொரு கோழிக்கொட்டாய் போட்டோம், பி.காம். பத்திரிகையோடு நின்றுவிட்டது. யாராவது என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "பி.காம். முடிச்ச மாதிரிதானுங்க" என்பேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே எரிச்சல் வரும்.

போன வருடம், கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிற மகள் போன் செய்தாள். பழைய அரியர் வைத்திருப்பவர்களுக்குப் பல்கலைக்கழகம் கடைசியாக ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கிறதாம். இதையும் விட்டால் அவ்வளவுதான், தேறிய மற்ற பாடங்களும் சேர்ந்து வீணாகிவிடுமாம். எழுதும்மா, இரண்டு பேரும் ஒன்றாகப் பட்டம் வாங்கலாம் என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அந்தப் பட்டம் வேண்டும். வேலைக்குப் போவதற்கு இல்லை, யாரிடமும் காட்டிக்கொள்வதற்கும் இல்லை. அப்பா பத்திரிகையில் போட்டது உண்மையாக வேண்டும். அன்றைக்கே பணம் கட்டிவிட்டேன்.

கட்டிய பிறகுதான் யோசித்தேன், படிப்பது எப்போது? எருமப்பட்டிப் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறவர்களுக்குப் பகல் என்பது சொந்தமில்லை. முட்டை பொறுக்க வேண்டும், அட்டையில் அடுக்க வேண்டும், தீவனக்காரர் வருவார், முட்டை லாரி வரும், நடுவில் போன் ஓயாது. சாயங்காலம் புத்தகத்தோடு உட்கார்ந்தால் கண் தானாகச் சொருகும். மிச்சம் இருப்பது விடியற்காலை ஒன்றுதான். அங்கேதான் சிக்கல்.

என் தூக்கத்தைப் பற்றி எங்கள் சொந்தபந்தம் முழுவதற்கும் தெரியும். கல்யாணமான புதிதில் வாசலில் லாரி டயர் வெடித்து ஊரே கூடியபோது நான் புரண்டு படுத்தேன் என்று என் மாமியார் இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லுவார். மகள் பள்ளிக்கூடம் போன நாட்களில் வேன் ஆறரைக்கே வந்துவிடும். அவளுக்குச் சடை பின்னி, சோறு கட்டிக் கொடுப்பதெல்லாம் மாமியார்தான். கிளம்பும்போது அந்தப் பொடிசு கட்டில் பக்கம் வந்து என் காதில், "நான் போயிட்டு வாரேன், நீ தூங்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போகும். நானும் உம் கொட்டிவிட்டுச் சொன்ன பேச்சைத் தட்டாமல் தூங்குவேன். அதற்குப் பதிலாக முட்டைக் கணக்கு மொத்தத்தையும் ராத்திரியில் நான்தான் பார்த்து முடிப்பேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்பேர்ப்பட்டவள் விடியற்காலையில் எழுவதற்குப் போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். ஒருவர் எலுமிச்சைச் சாறு குடிக்கச் சொன்னார். இன்னொருவர் எழுந்தவுடன் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார். எல்லாருமே எழுந்த பிறகு செய்ய வேண்டியதை விலாவாரியாகச் சொன்னார்களே ஒழிய, எழுவது எப்படி என்று ஒருத்தரும் சொல்லவில்லை. தலையணைக்கடியில் அலாரம் வைத்தேன், கை தானாகப் போய் அணைத்தது. சமையலறையில் வைத்தேன், நடந்து போய் அணைத்துவிட்டு அங்கேயே அரிசி மூட்டை மேல் சாய்ந்து தூங்கினேன். காலையில் டீ போட வந்த மாமியார் என்னைப் பார்த்துப் பயந்துபோய்க் கத்தினார். அதற்கும் நான் எழவில்லையாம்.

என் வீட்டுக்காரருக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. "கோழி கூட லைட்டுப் போட்டா எந்திரிச்சுக்குது. உன்னய என்ன பண்றது புள்ள?" என்றார்.

விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன். முட்டைக்கோழிக்குச் சூரிய வெளிச்சம் மட்டும் போதாது, விடிவதற்கு முன்னாலேயே கொட்டாயில் லைட் எரிய வேண்டும். அப்போதுதான் முட்டை ஒழுங்காக வரும். எங்கள் கொட்டாயில் அதற்கு ஒரு டைமர் உண்டு, நாலரைக்கு லைட்டைத் தானே போட்டுவிடும். அந்த டைமரிலிருந்து ஒரு ஒயர் இழுத்து என் கட்டிலுக்கு நேர் மேலே ஒரு பல்பு மாட்டிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் என் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் ஸ்டூலை எடுத்துவரப் போனார்.

மறுநாள் விடியற்காலையில் பல்பு எரிந்தது. அணைக்கலாம் என்று கையை நீட்டினால் சுவிட்ச் கிடையாது. சுவிட்ச் கொட்டாயில் இருக்கிறது. போர்வையை இழுத்து மூடினேன். அதற்குள் லைட்டைப் பார்த்த அத்தனை கோழிகளும் ஒரே சமயத்தில் கொக்கரிக்க ஆரம்பித்தன, கொட்டாய்க்குள் தீவன வண்டி கடகடவென்று தன் தண்டவாளத்தில் ஓடியது. இத்தனை வருடம் இந்தச் சத்தத்தில்தான் தூங்கியிருக்கிறேன், ஆனால் கண்ணுக்கு நேரே வெளிச்சம் விழுந்தபோது இரண்டையும் தாங்க முடியவில்லை. திட்டிக்கொண்டே எழுந்தேன். கோழியைத் திட்டினேன், வீட்டுக்காரரைத் திட்டினேன், காஸ்ட் அக்கவுண்டிங்கைக் கண்டுபிடித்தவன் எவனோ அவனையும் சேர்த்துத் திட்டினேன்.

பெரிய திட்டமெல்லாம் போடவில்லை. வீடியோக்காரர்கள் சொன்ன எதையும் செய்யவில்லை. முகம் கழுவி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, ஒரே ஒரு கணக்குப் போட வேண்டும். முடித்ததும் திரும்பப் படுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்திருந்தேன். வேடிக்கை என்னவென்றால், ஒரு கணக்குப் போட்டவளுக்குப் படுக்கத் தோன்றவில்லை. இன்னொன்று போட்டுப் பார்ப்போமே என்றிருந்தது. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. புத்தகத்தை மூடிவிட்டு வாசலுக்கு வந்தால் கொல்லிமலைப் பக்கம் அப்போதுதான் வெளுக்கும். காற்று குளுகுளுவென்று இருக்கும். அட, இத்தனை வருடமாக இதையா போர்வைக்குள் விட்டுவிட்டோம் என்றிருக்கும். கோலம் போட்டு, குளித்து, இட்லி ஊற்றி முடித்த பிறகும் கை கால் துறுதுறுவென்று இருக்கும். மத்தியானம் வரைக்கும் இழுக்கிற வேலை பத்து மணிக்கே முடிந்துவிடும். எனக்கே என்னைப் பிடித்துப்போனது.

பரீட்சை நெருங்க நெருங்க நேரம் போதவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று சாப்பிடும்போது ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னேன், அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் போய் டைமரை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார். என் மேல் இருந்த பிரியம், வேறொன்றுமில்லை. நாலைந்து நாள் கழித்து, பரீட்சை முடிந்ததும் பழைய நேரத்துக்கே மாற்றிவிடலாம் இல்லையா என்று கேட்டேன். அவர் முகம் அப்படியே தொங்கிவிட்டது.

முட்டைக்கோழிக்கு வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கக் கூடாது. குறைத்தால் முட்டையை நிறுத்திவிட்டு இறகை உதிர்க்க ஆரம்பித்துவிடும். எங்கள் ஊரில் கோழி வளர்க்கிறவர் முதலில் கற்றுக்கொள்கிற பாடமே இதுதான். இருபது வருடமாக ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்த மனிதர், பெண்டாட்டிக்காக மறந்துவிட்டார். அந்தப் பேட்ச் கோழி விலைக்குப் போகிற வரைக்கும் இனி மூன்றரை மணிதான். லைட் எரிந்தால் தீவனம் வைக்க வேண்டும், அதற்கு அவர் எழ வேண்டும். அவர் எழுந்தால் அவருக்கு டீ போட மாமியார் எழுந்துவிடுவார். அவ்வளவு சீக்கிரம் எழுகிறவர் எட்டு மணிக்கே படுத்தாக வேண்டும், ஒன்பது மணி சீரியல் போயே போய்விட்டது.

மாமியார் அன்று என்னைத் திட்டவில்லை, மகனைத்தான் பிடித்துக்கொண்டார். "அவொ பரீட்சை எழுதறதுக்கு என்ர சீரியல எதுக்குடா நிறுத்துன?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கொட்டாய்ப் பக்கம் நழுவினார். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. ஒரு வாரம் வீடே கொட்டாவி விட்டது. அப்புறம் பழகிவிட்டது. சீக்கிரம் படுத்ததில் மாமியாருக்குக் கால் வீக்கம் வற்றியது, வீட்டுக்காரருக்கு உடம்பு இளைத்தது. அதையெல்லாம் தன் திட்டம் போலவே அவர் வெளியில் சொல்லிக்கொண்டார்.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் பரீட்சையைத் தள்ளி வைத்துவிட்டார்கள். புதுத் தேதி அறிவித்தபோது பண்ணையில் கோழிக்கு வயதாகிவிட்டது. விற்பதைத் தள்ளிப்போட முடியாது. பரீட்சைக்கு முந்தின நாள் லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. தண்ணீர் அடித்துக் கழுவுவதற்காகக் கொட்டாயின் கரண்ட் லைன் மொத்தத்தையும் வீட்டுக்காரர் நிறுத்திவிட்டார். அன்று சாயங்காலம் அந்தப் பல்பைப் பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. கடைசி இரண்டு அத்தியாயங்களைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். காலைதான் எனக்குப் பாடம் தலையில் ஏறும் நேரம். இந்த வழக்கம் என்னுடையதா, கோழியுடையதா? கோழியோடு அதுவும் லாரியில் ஏறிப் போயிருந்தால்? வாய்ப்பு இது ஒன்றுதான். தாங்கள் எழுப்புவதாக வீட்டுக்காரரும் மாமியாரும் தனித்தனியாகச் சத்தியம் செய்தார்கள். லாரி டயர் வெடித்தும் எழாதவளை இவர்கள் எழுப்பிக் கிழித்தார்கள் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

கண் விழித்தபோது ஒரே இருட்டு. சத்தமே இல்லை. எதற்கு விழித்தோம் என்று முதலில் புரியவில்லை. போனை எடுத்துப் பார்த்தேன். அதே நேரம். பல்பு எரியவில்லை, ஒரு கோழி கத்தவில்லை, நானாக எழுந்திருக்கிறேன். படுக்கையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்தேன், அவ்வளவு சந்தோஷம். முகம் கழுவலாம் என்று கதவைத் திறந்தால் வாசலில் அம்மாவும் மகனும் ஆளுக்கொரு டம்ளர் டீயோடு உட்கார்ந்திருக்கிறார்கள். என்னை எழுப்ப வேண்டுமே என்ற கவலையில் இரண்டு பேருக்கும் தூக்கம் வரவில்லையாம்.

"ஆரு எழுப்புனது?" என்று மாமியார் கேட்டார்.

"ஆருமில்லீங்க அத்த, நானாத்தான்" என்றேன். அவர் எழுந்து போய் எனக்கும் டீ கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த இரண்டு அத்தியாயங்களையும் பார்த்துவிட்டுத்தான் நாமக்கல் பஸ் ஏறினேன். பரீட்சை எழுதினேன். எப்படி எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை, கேட்டவர்களிடம் எழுதியிருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு புதுக் கோழிகள் வந்தன. இளசுகள், அதனால் முதலில் அவற்றுக்கு வெளிச்சம் கொஞ்சம்தான், வாராவாரம்தான் வீட்டுக்காரர் கூட்டுவார். டைமரைச் சரிசெய்தபோது உனக்கு எத்தனை மணிக்கு வைக்கட்டும் என்று கேட்டார். எனக்கு வேண்டாம், அந்த ஒயரைக் கழட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். மாமியாருக்கு ஒன்பது மணி சீரியல் திரும்பக் கிடைத்தது. ஆனால் பாதியிலேயே தூங்கிவிடுகிறார்.

நான் மட்டும் அதே நேரத்துக்கு எழுந்துகொண்டிருந்தேன். படிக்க ஒன்றுமில்லை, இருந்தாலும் எழுந்தேன். தண்ணீர் குடித்துவிட்டுப் பண்ணைக் கணக்கை அப்போதே பார்த்துவிடுவேன். அப்படி ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. மகள். விடுமுறைக்கு வந்தால் பத்து மணிக்குக் குறைந்து கண்ணைத் திறக்காதவள், அந்த நேரத்தில் கூப்பிடுகிறாள் என்றதும் என்னவோ ஏதோ என்று பதறிப்போய் எடுத்தேன்.

ரிசல்ட் ராத்திரியே வந்துவிட்டதாம். அப்போது கூப்பிட்டால் நான் தூக்கத்தில் இருப்பேன், எழுந்த பிறகு சொல்லலாம் என்று விடிய விடிய முழித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். என் மகள், எனக்காக! "நீ இந்நேரம் எந்திரிச்சிருப்பேன்னு எனக்குத் தெரியும்மா" என்றாள். அப்புறம், "பாஸ்மா. நீ பி.காம்." என்றாள்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்தப் பக்கம் அவள் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது கேட்டது. சின்ன வயதில் கட்டில் பக்கம் வந்து நின்ற அந்தப் பொடிசுதான் கண்ணுக்குள் வந்தது.

"நீ தூங்கு சாமி" என்றேன். "அம்மா முழிச்சுத்தான் இருக்கறேன்."