வேலிச் செம்பருத்திக்கு வந்த சம்பந்தம்

1931 மார்ச் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, தவுக்கே என்று எல்லாரும் அழைத்த சீன முதலாளி சீனாவுக்குக் கப்பல் ஏறினார். மலாயாவில், ஜார்ஜ் டவுன் கடற்கரையில் இருந்த அவருடைய பங்களாவில் சீனி முகம்மதுதான் தோட்டக்காரர். பெட்டிகளை ஏற்றிவிட்டு நின்றவரிடம் தவுக்கே பின்பக்கத்து நிலத்தைக் காட்டினார்.

"ஒன்றரை வருஷத்துல வந்துடுவேன். யார் வீட்டுலயும் இல்லாத செம்பருத்தி ஒண்ணு அங்க பூத்திருந்தா நிலம் உன் செடிங்களுக்கு. இல்லாட்டி மோட்டார் கொட்டகைக்கு" என்று மலாய் மொழியில் சொல்லிவிட்டு வண்டியேறினார்.

பத்து வருஷமாகச் சாணம் போட்டுப் பதப்படுத்திய மண் அது. சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத சீனி முகம்மதுவுக்கு அதுதான் உலகம்.

புதுப்பூ வேண்டுமென்றால் இரண்டு செடிகளுக்குச் சம்பந்தம் செய்துவைக்க வேண்டும். விடிந்ததும் ஒரு பூவின் மகரந்தத்தைக் கோழி இறகால் தொட்டு இன்னொரு பூவில் தடவி, அடையாளத்துக்குக் காம்பில் நூல் கட்டுவார். வாசலில் நின்ற மஞ்சள் செம்பருத்தியையும் பக்கத்து வீட்டு மஞ்சளையும் சேர்த்தார். இரண்டும் அழகு. மூன்று மாதம் நூல் கட்டியும் ஒரு காய் பிடிக்கவில்லை.

அவர் மனைவி ஹபீபா பீவிக்குத்தான் விஷயம் பிடிபட்டது.

"பக்கத்து வீட்டுச் செடி எங்கேருந்து வந்துச்சாம்? நம்ம செடியில நான் ஒடிச்சுக் குடுத்த கொம்பு அது!"

"சொந்தம் விட்டுப்போகக் கூடாதேன்னு பாத்தேன் புள்ளே."

"என்ன சொந்தம்? மாப்பிள்ளையும் அவனே, பொண்ணும் அவனே! கெட்டிக்காரர்தான் போங்க!" சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது.

அதன்பிறகு அவர் அசலில் பெண் தேடினார். கெலுகோர் வரை நடந்தார். அங்கே ஒரு தென்னந்தோப்பு வேலியில், ஆடு கடித்தும் தழைத்து நின்றது ஒரு சாதாரணச் சிவப்புச் செம்பருத்தி. கொம்புக்குக் கொம்பு காய். ஒரு கிளை கேட்டு வாங்கிவந்து பதியம் போட்டார்.

"இதையா பாத்துட்டு வந்தீங்க? முகத்துல களையே இல்லியே."

"களை மாப்பிள்ளைகிட்ட இருக்கு. ஆனா அவனுக்கு மொட்டு நிக்காது, காம்பு தொங்கும். பொண்ணு உடம்பு கெட்டி. அது போதும்."

காய் பிடித்தது. பின்நிலத்தில் பதினொரு விதைகள் முளைத்தன. மறு வருஷம் ஆகஸ்டில் பத்துச் செடிகள் அச்சாக வேலிச் சிவப்பாகவே பூத்தன. மிச்சமிருந்த ஒரு செடியின் மொட்டைச் சீனி முகம்மது இரண்டு நாள் எட்டி எட்டிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை காலை பதினோராவது விரிந்தது: பொன்மஞ்சள் இதழ், நடுவில் ரத்தச் சிவப்பு, காம்பு நிமிர்ந்து நின்றது. தொழுகைக்குக் கிளம்பிய மனிதர் தொப்பியும் தானுமாகச் செடியையே சுற்றிச் சுற்றி வந்தார். ஹபீபா தெருவையே அழைத்து வந்துவிட்டாள்.

பங்களாக் கணக்கெழுதும் கிராணி உடனே தவுக்கேவுக்கு எழுதினார். பதில் இல்லை. சொன்ன தவணையும் கடந்தது, தவுக்கேவும் வரவில்லை. மறுசொல் வராததால், பழைய உத்தரவுப்படி கொட்டகைக்காகக் கொத்தனார் வந்து நிலத்தை அளந்து முளைக்குச்சி அடித்துவிட்டுப் போனார். சீனி முகம்மது முளைக்குச்சிகளைப் பிடுங்கவும் துணியாமல், அவற்றைச் சுற்றியே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான் தவுக்கேயின் கடிதம் வந்தது. கிராணி வாசலிலேயே நின்று படித்துச் சொன்னார்:

"கொட்டகையை முன்பக்கம் கட்டு. பின்நிலம் சீனியிடமே இருக்கட்டும். அடுத்தது வெள்ளையில் ஒன்று வேண்டுமென்று சொல்."