நீலம் போட்ட பனியுடை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். செத்துப்போன நல்ல மனுஷனைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்ற பயம்தான். இராமநாதசாமியை வேண்டிக்கொண்டு இன்று உட்கார்ந்திருக்கிறேன். கண்ணை மூடினால் முதலில் வருவது, கூடாரத்துக்குள் அடுப்பைச் சுற்றி ஈரம் சொட்டத் தொங்கிய வெள்ளைத் துணிகள்.

எனக்கு ஊர் சிக்கல் பக்கம். பட்டாளத்தில் தையல்காரனாக இருந்தேன். எங்கள் ஹவில்தார் தொண்டிக்காரர். ஒரே ஜில்லா என்பதால் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். சண்டை மூண்டதும் எங்களைச் சமவெளியிலிருந்து நேரே பனிமலைக்கு ஏற்றிவிட்டார்கள். உடம்பில் இருந்ததெல்லாம் பச்சை உடுப்பு. வெள்ளைப் பனியில் பச்சை நடந்தால் மேலே இருப்பவனுக்குக் குறி வைப்பது சுலபம். பனிக்கான மேலுடுப்பு எங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அண்ணன் எங்கிருந்தோ பழைய படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து போட்டார். கோட்டுக்கு மேலேயே மாட்டிக்கொள்ளும்படி தொளதொளவென்று தைத்தேன். கனத்த கையுறையோடு பட்டன் போட முடியாது என்று அவர் சொன்னதால் நாடா வைத்தேன். விரிப்புகள் பழுப்பேறிக் கிடந்தன. அவருக்கு அது பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு வெளுத்த சட்டை இல்லாமல் போகாத மனுஷன். டிரங்குப் பெட்டியில் இருந்த சொட்டு நீலத்தை எடுத்து வாளியில் ஊற்றி எல்லாவற்றையும் முக்கிவிட்டார்.

"அண்ணே, சண்டைக்குப் போறோமா, பெருநாளைக்கா?" என்றேன்.

"ஏலே, போற எடம் எப்படியோ, போறவன் வெள்ளையாப் போகட்டும்டா."

காலையில் ஒன்றை மாட்டிக்கொண்டு அவரே பனியில் நடந்து காட்டினார். கூடாரத்துக்குள் வெள்ளையாகத் தெரிந்த துணி, பனிக்குப் பக்கத்தில் நீலமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் மேலே ஏற வேண்டும். வேறு துணியும் இல்லை.

பனியை உருக்கிக் கொதிக்கவைத்து அலசினோம். மற்றவை வெளுத்துவிட்டன. முதலில் முக்கியதில் மட்டும் நீலம் திட்டுத் திட்டாக நின்றுவிட்டது. அதை அவர் எடுத்துக்கொண்டார்.

"குடுங்கண்ணே, இன்னொரு தடவை அலசுறேன்."

"நேரமில்லடா. நான் ஊத்துன நீலம், நானே போட்டுக்கிறேன். கடைசி ஆளா வாரேன்னு சொல்லிட்டேன். முன்னால போறவன் என்னால மாட்டக் கூடாது. அல்லா லேசாக்குவான்."

மறுநாள் மற்றவர்கள் திரும்பினார்கள். அவர் வரவில்லை. ஏறிப் போன வரிசை முழுவதும்தான் குண்டு விழுந்தது என்றார்கள். அந்த நீலம் கண்ணில் பட்டுத்தான் அவர் போனாரா என்பது படைத்தவனுக்குத்தான் தெரியும். கொஞ்ச நாளில் நல்ல பனியுடுப்பு வந்தது. இப்போதைய உடுப்பை டிவியில் பார்க்கிறேன். எடை இல்லாதது, காற்றுப் புகாதது. எனக்குச் சந்தோஷம்தான்.

போன வருஷம் தொண்டிப் பள்ளிக்கூட விழாவில், எதிரியின் குண்டைத் தன் பக்கம் இழுக்கவே அவர் நீல உடுப்பை வேண்டுமென்று அணிந்தார் என்று ஒருவர் பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். விழா முடிந்ததும் அண்ணனின் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீங்க கூட இருந்தவுக. வேணும்னேதான் போட்டாகளா தம்பி?"

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டு முடித்ததும் அவர் மெல்லச் சிரித்தார்.

"பெருநாளைக்குப் பெருநா நீலத்தைக் கொட்டிட்டு எங்கிட்ட ஏச்சு வாங்குவாக. அங்கனயும் அதே வேலைதானா?" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதையே சொல்லுங்க தம்பி. மேடையில அந்த ஆளு சொன்னது யாரையோ. நீங்க சொன்னவுகதான் எங்க வீட்டுல இருந்தவுக."

அதனால் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவருக்குக் கூடுதலாக ஒரு வீரமும் சேர்க்க வேண்டாம். அவர் செய்த தப்பையும் எடுத்துவிட வேண்டாம்.