கவுன்சில் விடாது

சமையல் மேசையை கிளைவ் அன்று மூன்றாம் முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்கச் சுண்ணத் தூள் படிந்தது. நேற்றாக இருந்தால் கண்ணிலேயே பட்டிருக்காது. காலையில்தான் மேஸ்திரி டெரெக் கூரையில் புதிதாகப் பதித்த கண்ணாடியின் மேலிருந்த தார்ப்பாயை உருவினார்.

"என்ன முதலாளி, இத்தனை வருஷமா இங்க வவ்வாலா வளத்தீங்க?" என்றார் ஏணியில் நின்றபடி.

கிளைவ் சிரித்துவைத்தார்.

முப்பத்தெட்டு வருடம் லண்டனில் டாக்சி ஓட்டியவர். ஒரு காலத்தில் குதிரைகள் கட்டியிருந்த கீழ்த்தளத்தில் டாக்சி நிற்கும். மேலே இரண்டு அறை. சந்துப் பக்கம் பார்த்த ஒற்றைச் சன்னலோடு சரி. பின்சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய வீட்டுக்காரர்கள். அவர் மனைவி ஹேசல் இங்கே உட்கார்ந்துதான் கடைகளுக்குத் தொப்பி தைத்தாள். நூல் கறுப்பா கருநீலமா என்று தெரியாவிட்டால் கண்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிச் சந்துக்குப் போவாள். மழையென்றால் குடையோடு.

"கூரையில ஒரு சன்னல் போதும் கிளைவ். குதிரை கேட்டிருந்தாக்கூட வச்சிருப்பாங்க."

"பழைய வீடு. கவுன்சில் விடாது."

"ஒன்பதாம் நம்பர்ல வச்சிருக்காங்களே?"

"அந்தாளு வக்கீல்."

ஒவ்வொரு வசந்தத்திலும் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்தினாள். கண் மங்கியதும் தைப்பதையும். போன பிப்ரவரியில் இறந்துபோனாள். அவள் அடக்கத்துக்கு அவர் போட்டுப்போன கறுப்புக் கோட்டு கதவோரம் தொங்கியது. அதன் மூன்றாவது பொத்தானை அவள் கருநீல நூலால் தைத்திருந்ததை அவர் இன்றைக்குத்தான் பார்த்தார்.

அவள் போனபிறகு வீட்டைப் புதுப்பிக்கத் தொடங்கினார். வெள்ளைச் சுவர், கண்ணாடிக் கைப்பிடி வைத்த படி, எல்லாம் அவரே தேர்ந்தெடுத்தது. கவுன்சில் விண்ணப்பத்தை மட்டும் மகள் லினெட்டிடம் விட்டிருந்தார்.

மதியம் அவள் கோப்போடு வந்து வெளிச்சத்தின் நடுவில் நின்றாள்.

"அம்மா இந்த இடத்த விட்டு எந்திரிச்சிருக்கவே மாட்டா."

"ம்."

"ஏழே வாரத்துல அனுமதி குடுத்துட்டாங்கப்பா. ஒரு கேள்வி கேக்கல." கோப்பைப் புரட்டினாள். "நீங்க போட்ட பழைய விண்ணப்பம் இருந்தா குடுங்கன்னு அவங்ககிட்ட கேட்டேன். இந்த வீட்டுக்கு இதுதான் முதல் விண்ணப்பமாம். அவங்க எந்த வருஷம்பா மாட்டேன்னாங்க?"

முதல் வருடம் படிவம் வாங்கிவந்ததென்னவோ உண்மை. நாலு பக்கம். டாக்சி இருக்கைக்கு அடியில் செருகிவைத்தார். கீழே அனுமதி கேட்காமல் கட்டிய கழிப்பறையை யாராவது வந்து பார்த்துவிடுவார்களோ என்று ஒரு பயம். ‘கவுன்சில் விடாது’ என்பது அந்த வசந்தம் சும்மா வாயில் வந்த பதில்தான். அடுத்த வசந்தம் அதையே சொன்னார். அதற்குப் பிறகு அதை எப்படித் திரும்ப எடுப்பதென்று தெரியவில்லை. மகளுக்கு இது தெரியவே கூடாது என்றுதான் இத்தனை மாதமும் வேண்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, கேட்டீங்கதானே?"

கிளைவ் மேசையின் மூலையைத் துடைத்தார். அங்கே தூள் இல்லை.

அவர் துடைத்த இடத்திலேயே கோப்பை வைத்துவிட்டு, லினெட் கண்ணாடிக் கைப்பிடியைத் தொடாமல் படியிறங்கிப் போனாள்.