இறக்கிவிட ஒரு ஆள்

நடக்க முடியாத மனுஷன் சைக்கிள் ஓட்டுவாருன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா? எங்க காலனியில ஒருத்தரும் நம்பல. கண்ணால பார்த்தப்புறமும் நம்பல. பக்கத்து வீட்டுத் தெலுங்கம்மா ஒருநாள் காய்வண்டிகிட்ட வச்சு, என் முகத்துக்கு நேராவே, "மீ ஆயன பாகானே உன்னாரு கதா"ன்னு கேட்டா. உங்க வீட்டுக்காரர் நல்லாத்தானே இருக்காரு, எதுக்கு இந்த ஆர்ப்பாட்டமெல்லாம்னு அர்த்தம். எனக்கு வந்த கோபத்துல கையில இருந்த பீர்க்கங்காயாலயே ஒண்ணு போட்டிருப்பேன்.

என் வீட்டுக்காரருக்குப் பார்க்கின்சன் வியாதி. கை நடுக்கத்துல ஆரம்பிச்சது. அதோட நின்னிருந்தா பிள்ளையாருக்குத் தேங்கா ஒடச்சிருப்பேன். ஆனா கால்ல இறங்கிடுச்சு. ஹால்ல இருந்து பாத்ரூம் போகணும்னா, நிலைப்படிகிட்ட வந்ததும் ரெண்டு காலும் ஆணி அடிச்ச மாதிரி தரையில நின்னுடும். தள்ளினா விழுவாரு. "மனசு போ போங்குது, கால் நக்கோங்குது"ன்னு அவரே சொல்லிச் சிரிப்பாரு. நாங்க நாலு தலைமுறையா செகந்திராபாத். எங்க தமிழ்ல வேண்டாமுக்கு நக்கோ, ஆமாவுக்கு ஹவ்னு ஊர் உருது கலந்துதான் வரும்.

இவர் எப்படிப்பட்ட ஆளுன்னு சொன்னாத்தான் என் வயித்தெரிச்சல் புரியும். மல்லாபூர்ல ஒரு ஃபேக்டரியில சூப்பர்வைசர். மௌலா அலியில இருந்து தினமும் சைக்கிள்லதான் வேலைக்குப் போவாரு. ஒரு பைக் வாங்குங்கன்னு நான் தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினதெல்லாம் வீண். ஞாயித்துக்கிழமையானா போங்கீர் கோட்டை. வாரங்கல் ரோட்டுல லாரிக்காரனோட போட்டி போட்டுக்கிட்டுப் போய், சைக்கிளை டீக்கடையில விட்டுட்டு, அந்த ஒத்தைப் பாறைக் கோட்டைமேல ஏறி, உச்சியில உட்கார்ந்து எலுமிச்சை சாதம் தின்னுட்டு வருவாரு. கல்யாணமான புதுசுல என்னையும் இழுத்துக்கிட்டுப் போனாரு. பாதிப் பாறையிலயே நான் உட்கார்ந்துட்டேன்.

"மேல அப்படி என்னதான் இருக்கு?"

"ஒண்ணுமில்ல. காத்து."

"காத்து வாங்கவா இவ்வளவு தூரம்? வீட்டுல ஃபேன் இல்ல?"

இதைச் சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணத்துல எல்லாம் சொல்லிச் சிரிச்சாரு மனுஷன்.

வேலையை விட்டப்புறம் சைக்கிள் வராண்டாவுல துரு ஏறிக்கிட்டு நின்னுச்சு. பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடலாம்னு ஒருநாள் நான்தான் சொன்னேன். "ஒரே ஒருவாட்டி உட்கார்ந்து பார்த்துடறேன்"னாரு. மாதாப்பூர்ல வேலை பார்க்கிற எங்க மக அன்னைக்கு லீவு. ரெண்டு பேருமா அவரைத் தூக்கி சீட்ல வச்சு, சும்மா ஆசைக்கு ரெண்டடி தள்ளினோம்.

போயிட்டாரு!

சத்தியமா. காலனி மைதானத்தைச் சுத்தி, முதுகு நிமிர்ந்து, பெடல் நிக்காம, பழைய ஆள் மாதிரியே போனாரு. மக "டாடி! டாடி!"ன்னு கத்தறா. ஒரு சுத்து முடிச்சு எங்ககிட்ட வந்தவர், "ஏய், எப்படி இறங்கறது?"ன்னு கேட்டாரே பாருங்க! ஓடிப்போய் கட்டிப் பிடிச்சேன். மூணு பேரும் சைக்கிளோட மண்ணுல விழுந்தோம். மண்ணுல கிடந்தே சிரிச்சோம்.

டாக்டர்கிட்ட ஃபோன்ல எடுத்த வீடியோவைக் காட்டினோம். அவர் ஆச்சரியப்படல. இந்த வியாதிக்காரங்கள்ல சிலருக்கு இப்படி உண்டும்மா, நடக்கிறது வேற, பெடல் மிதிக்கிறது வேற, மூளையில ஒரு வழி அடைச்சாலும் இன்னொண்ணு கொஞ்சநாள் திறந்திருக்கும்னாரு. "குணமாகுதுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. ஏத்திவிட ஒரு ஆள், இறக்கிவிட ஒரு ஆள் இல்லாம ஓட்டக் கூடாது"ன்னாரு. ஏத்திவிட மக. இறக்கிவிட நான்.

தினமும் காலையில தண்ணி டேங்க் பக்கத்துல கை ரெண்டையும் நீட்டிக்கிட்டு நிப்பேன். அவர் கிட்ட வந்து பிரேக் பிடிப்பாரு. ஒரு கை ஹேண்டில்ல, ஒரு கை இடுப்புல போட்டு, என் தோள்ல சாய்ச்சு இறக்குவேன். சீட்ல இருக்கிற வரைக்கும் என் புருஷன். கால் தரையில பட்டதும் நோயாளி. முகம்கூட மாறிடும்.

அப்புறம்தான் போங்கீர் பேச்சு ஆரம்பிச்சுது. "நான் ஓட்டறேன், நீ ஸ்கூட்டர்ல பக்கத்துலயே வா. பாறை ஏற வேண்டாம். கீழ நின்னு பார்த்துட்டு வந்துடலாம்." கேட்கக் கேட்க எனக்கும் ஆசை வந்துடுச்சு. மழை நிக்கட்டும்னேன். மகதான், "அம்மா, ஹீ இஸ் நாட் கெட்டிங் பெட்டர்"னா. வாயைக் கழுவுடீன்னு அவமேல பாய்ஞ்சேன். நாள் பூரா ரெண்டு பேரும் பேசிக்கல. அவ சொன்னது நிஜம்னு எனக்குத் தெரியாதா? முன்னாடி ரெண்டடி தள்ளினாப் போதும். இப்போ மக மூச்சு வாங்க ஓடித் தள்ள வேண்டியிருந்துச்சு. பேச்சும் குறைஞ்சு, வாய்கிட்ட காதை வச்சாத்தான் கேட்கும்.

மழை நின்ன சமயம். அன்னைக்கும் வழக்கம்போல ஒரு சுத்து முடிச்சு என்கிட்ட வந்தாரு. என்னைப் பார்த்தாரு. பிரேக் பிடிக்கல. என் கையை உரசிக்கிட்டுப் போயிட்டாரு. விரல் மடங்கல போலருக்குன்னு பதறிப் போய், "பிரேக்கைப் பிடிங்க! பிரேக்!"ன்னு பின்னாடியே ஓடினேன். அடுத்த சுத்துலயும் அப்படியே. மக குறுக்க போய் நின்னா, ஒதுங்கிப் போனாரு. வேர்வை கொட்டுது, வாய் திறந்திருக்கு, கால் மட்டும் விடாம மிதிக்குது. காலனியே வேடிக்கை பார்த்துச்சு. பக்கத்து வீட்டம்மாவும்தான். கடைசியில கால்ல தெம்பு போய், மைதானத்துக்கு அந்தப் பக்கம், நான் எட்ட முடியாத தூரத்துல, சிமெண்ட் கரைமேல பக்கவாட்டுல சாய்ஞ்சாரு. இடுப்பெலும்பு போச்சு.

ஆபரேஷன் பண்ணினாங்க. எலும்பு கூடிடுச்சு. ஆனா படுத்திருந்த நாள்ல வியாதி மீதி உடம்பையும் எடுத்துக்கிச்சு. பிசியோதெரபிக்காரர் கட்டில்லயே காலுக்குப் பெடல் வச்சுப் பார்த்தாரு. கால் அசையல. அந்த வழியும் அடைச்சாச்சு.

ஆஸ்பத்திரியிலயே ஒருநாள் மத்தியானம், ஆத்திரம் தாங்காம கேட்டுட்டேன். "விரல்தான் மடங்கலன்னா ஒரு குரல் கொடுக்கக் கூடாதா? அறிவு வேணாம்?"

உதடு அசைஞ்சுது. காதை வாய்கிட்ட வச்சேன்.

"விரல் நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் நிறுத்தல?"

"நீ கையை நீட்டிக்கிட்டு நின்ன. பார்க்கப் பயமா இருந்துச்சு."

நான் என்ன எமனான்னு கேட்க வாய் வரைக்கும் வந்துடுச்சு. போர்வையைச் சரிபண்ணிட்டு வெளிய வந்து, லிஃப்ட் பக்கத்துல நின்னு அழுதேன்.

இப்போ வீட்டுலதான் இருக்காரு. திருப்பிப் படுக்க வைக்க, துடைச்சுவிட, கஞ்சி ஊட்ட எல்லாத்துக்கும் என் கைதான். வேற ஆள் போடலாம்னு மக சொல்றா, நான் விடல. கையை நீட்டிக்கிட்டு நான் கட்டில்கிட்ட போனதும் அவர் கண்ணை மூடிக்கிறாரு. அசதி போலம்மான்னு மக சொல்றா. ஆமாம்னு சொல்லிட்டு அவரைத் தூக்கறேன்.