ஒரு பெட்டி டின் பால்

மலாயாவில், ஜாசின் விடுதியில் நானும் தங்கையும் சேர்ந்தபோது எனக்கு எட்டு வயது. தங்கை என் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள், அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். என் பாவாடைகள் எல்லாம் ஒரு பக்கம் மட்டும் நீண்டிருக்கும்.

மாதம் ஒருமுறை, மருந்து கொடுக்கும் டிரஸர் வந்து எங்களை எடை நிறுத்துப் பார்ப்பார். போன மாதம் என்னைத் தராசிலிருந்து இறக்கிவிட்டு, "அடுத்த தடவையும் ஏறலைனா மலாக்கா பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன்லா" என்றார். ஆஸ்பத்திரிக்குப் பயமில்லை. தங்கை எதைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள் என்பதுதான் என் கவலை.

விடுதியைப் பார்த்துக்கொண்ட மேட்ரன் அம்மா யாழ்ப்பாணத்துக்காரர், வேலைக்குப் புதிது. நிறுப்பதற்கு முதல் நாள் காலை என்னைக் கூட்டிக்கொண்டு மளிகைக்கடை நானாவிடம் போனார்.

"ஒரு பெட்டி டின் பால் தாங்கோ. இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் தேத்தவேணும்."

நானா பெட்டியைத் திறந்து, ஆணியும் சுத்தியலும் எடுத்து, ஒவ்வொரு டின்னாகத் துளை போட ஆரம்பித்தார்.

"ஐயோ, என்ன செய்யிறியள்?"

"சட்டம்மா. ஓட்டை போடாம வித்தா காட்டுல இருக்கற கம்யூனிஸ்டுக்குப் போகுதுன்னு என்னைய உள்ள தூக்கிப் போட்ருவாங்க. ஒரு டின்னு வாங்குனா ஒரு ஓட்டை. நீங்க பெட்டியா கேட்டீங்க."

நாங்கள் பெட்டியைச் சாய்க்காமல் தூக்கி வந்தோம். எறும்புகள் எங்களுக்கு முன்பே வாசலில் காத்திருந்தன.

துளை விழுந்த பால் மறுநாள்வரை தாங்காது. "எல்லாம் இண்டைக்கே முடியவேணும். ஒருத்தரும் தப்பேலாது" என்று மேட்ரன் அம்மா உத்தரவிட்டார். அண்டாவில் கொட்டிக் காய்ச்சினார்கள். பிள்ளைகள் குவளையோடு வரிசையில் நின்று குடித்தார்கள். குடித்தவர்கள் மறுபடியும் போய் நின்றார்கள். எனக்கு முண்டியடிக்கக் கூச்சம். முதலில் தங்கைக்கு, பிறகு வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டு வழிவிட்டு, என் முறை வந்தபோது அண்டா காலி.

மேட்ரன் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்தப் பிள்ளைக்காகத்தானே வாங்கினனான்."

அன்று பால் குடித்த வயிறுகள் சோற்றைத் தொடவில்லை. அரிசியை அளந்து கொடுத்த அந்தக் காலத்தில் விடுதியில் சோறு மீந்தது அன்று ஒருநாள்தான். சமையல்கார அக்கா என்னை அடுப்படிக்குள் இழுத்துப்போனார்.

"பால்தான் கெடைக்கல. வெக்கப்படாம இதையாச்சும் தின்னுடி."

மத்தியானமும் ராத்திரியும் சோறும் நெத்திலிக் கருவாடுமாகத் தின்றேன்.

விடிவதற்குள் கொல்லைப்புறத்தில் கக்கூசுக்கு முன்னால் இன்னொரு வரிசை உருவாகிவிட்டது. இந்த வரிசையில் யாரும் யாருக்கும் வழிவிடவில்லை.

டிரஸர் வந்து ஒவ்வொருத்தியாக எடை போட்டார். தராசு முள்ளைத் தட்டிப் பார்த்தார். "என்னாங்கம்மா, எல்லாரும் எளைச்சிருக்காங்க? ஆஸ்டலயே லாரில ஏத்தணும் போல."

கடைசியாக நான் ஏறினேன். முள் போன மாதத்து இடத்தைத் தாண்டி நின்றது.

"இது ஏறியிருக்கே. இதுக்கு என்னா குடுத்தீங்க?"

மேட்ரன் அம்மா வாயைத் திறக்குமுன் அக்கா பின்னாலிருந்து, "பால் குடுக்கலங்க" என்றார்.

டிரஸர் என்னைப் பார்த்து, "சரி, நீ இங்கயே இரு" என்றார்.

சந்தோஷத்தில் தங்கையைத் திரும்பிப் பார்த்தேன். அவளோ, முதல் முறையாக என் பாவாடையை விட்டுவிட்டு, கொல்லைப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள்.