களவெட்டியைக் குளம் என்று எழுதியவன்

ஒப்பந்தம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில் ஒரு வாடகை வீட்டில் நிலப்படக் கந்தோர் ஒன்று திறந்தார்கள். வெளிநாடு ஒன்று அரசாங்கத்துக்கு நன்கொடை கொடுத்தது. நன்கொடைக்கு ஒரு ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்துக்குக் கீழே சம்பளத்துக்கு நான். விமானத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்து, எது வயல், எது காடு, எது குளம் என்று பிரித்து, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் மையால் கீறுவது என் வேலை. மூன்று மாதம் பயிற்சி தந்து சான்றிதழும் தந்தார்கள். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மனைவி வீட்டுச் சுவரில் மாட்டினேன். அன்றைக்கு நான் நடந்த நடைக்கு ரோட்டு அகலம் காணாது.

ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை எங்கள் பொறுப்பதிகாரி கிழமைக்கு ஒருதரம் வாசித்துக் காட்டுவார். கொழும்பிலிருந்து வந்தவர், சத்தம் போட்டுப் பேசமாட்டார். படத்தில் தெரிவதை மட்டும் கீற வேண்டும். தெரிவது என்னவென்று அவர்கள் தந்த வழிகாட்டிப் புத்தகம் சொல்லும். நேரில் போய்ப் பார்க்க ஒப்பந்தத்தில் இடமில்லை. ஜீப் ஒன்று நின்றது. அது வெளிநாட்டு நிபுணர்களை அறுகம்குடாவுக்குக் குளிக்கக் கொண்டுபோகும், வயலுக்குப் போகாது.

நாங்கள் கீறும் படங்களை வைத்துத்தான் காட்டு மிருகங்களுக்கென்று நிலம் ஒதுக்கப் போகிறார்கள் என்பது கந்தோரில் தேத்தண்ணி ஊற்றுகிறவருக்கும் தெரியும். அந்த எல்லைக்குள் விழுந்த காணியில் பிறகு யாரும் விதைக்க முடியாது.

ஒருநாள் பொத்துவிலுக்கு மேற்கே எடுத்த படம் என் மேசைக்கு வந்தது. அதற்குள் என் மூத்த சகோதரி ராத்தாவின் காணி கிடந்தது. எங்கள் பக்கம் வீடும் காணியும் பெண்பிள்ளைக்குத்தான். நான் கல்முனைக்குடியில் மணம் முடித்து மனைவி வீட்டுக்கு வந்தவன். ராத்தா பொத்துவிலில் உம்மாவின் வீட்டிலேயே இருந்தார். வாப்பா தன் கையால் காடு வெட்டி வயலாக்கி அவருக்குச் சீதனமாகக் கொடுத்த மானாவாரிக் காணி அது. மழை பெய்தால் விளையும். ராத்தாவும் மச்சானும் நாலு பிள்ளைகளும் அந்த ஒரு போகத்தை நம்பித்தான் வருசம் முழுக்க இருந்தார்கள்.

படமோ கொடுங்கோடையில் எடுத்தது. கோடையில் அந்த வயலில் பற்றையைத் தவிர என்ன இருக்கும்? நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம். நாலு பக்கத்திலிருந்தும் அதை நோக்கிக் கோடு கோடாகத் தடங்கள். பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அது கதிரைப் பரப்பி எருமை கட்டிச் சூடு மிதிக்கிற களவெட்டி, நெற்களம். வருசா வருசம் மிதிபட்டு மண் இறுகி வெளுத்திருந்தது. தடங்கள் கதிர்க்கட்டு சுமந்து நடந்தவர்களின் தடங்கள். ஆனால் வழிகாட்டிப் புத்தகம் வேறு சொன்னது. வட்டமான வெளிறிய தரை, அதை நோக்கி வரும் தடங்கள் என்றால் மிருகங்கள் தண்ணீர் குடிக்கும் வற்றிய குளமாம். அதை எழுதிய மகாராசா தன் வாழ்நாளில் நெல்லு மிதிப்பதைக் கண்டிருக்கமாட்டான்.

பொறுப்பதிகாரியிடம் போனேன். "சேர், இது குளமில்ல, களவெட்டி. எங்கட ராத்தாட வயல்."

"ராத்தாட வயலெண்டா இன்னும் கரச்சல்," என்றார். "சொந்தக்காரன்ட காணிய நீங்களே எப்பிடித் தீர்மானிக்கிற?"

காணிக்கு அரசாங்கம் கொடுத்த அனுமதிப் பத்திரம், ராத்தாவின் பேமிட்டை எடுப்பித்துக் காட்டினேன். வடக்கெல்லை பாலை மரம் என்று அதில் எழுதியிருந்தது. அவர் சிரித்தார். "தம்பி, அந்தப் பாலை மரம் எங்க நிக்குதெண்டு ஆகாயத்துக்குத் தெரியுமா?"

நான் ராத்தாவுக்கு ஆள் அனுப்பினேன். முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவர். மேசையில் இரண்டு படங்களை ஒட்ட வைத்து, மேலே எங்கள் இரட்டைக் கண்ணாடியை வைத்துப் பார்க்கச் சொன்னேன். அதற்குள்ளே பார்த்தால் மரம் மரமாக எழும்பி நிற்கும், மேடு மேடாகத் தெரியும். எங்களுக்கே அது பழக ஒரு கிழமை எடுத்தது. ராத்தா முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்தார். கண்ணாடியை இங்கும் அங்கும் நகர்த்தினார். பிறகு தொடங்கினார்.

"இது நம்மட களவெட்டிதானேடா தம்பி. இந்தா நாம படுக்கிற வாடிக் குடிசை, இது ஆனைக் காவலுக்குக் கட்டின பரண். இஞ்ச பாரு, வரம்பு கோணிக் கிடக்கு. வெள்ளத்தில உடைஞ்சி போய் மச்சான் மறுகா கட்டினது. அப்பயே சொன்னன், கோணலாக் கட்டுறீங்கெண்டு. கேட்டாத்தானே."

பொறுப்பதிகாரி பின்னால் வந்து நின்றிருந்தார். ராத்தா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "பாலை மரம் எங்கயெண்டு கேட்டீங்களாம் சேர். இந்தா நிக்கிது. வந்து பாருங்க."

மூன்று மாதப் பயிற்சியில் எனக்குத் தெரியாமல்போன பரணையும் வரம்பையும் அவர் ஒரு மூச்சில் வாசித்து முடித்திருந்தார். மையும் பேனாவுமாக இருந்தவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"நல்லாப் பாக்கிறாங்க," என்றார் பொறுப்பதிகாரி. "ஆனா ஒப்பந்தப்படி சான்றிதழ் உள்ளவர் வாசிச்சாத்தான் செல்லும்."

ராத்தாவை வெளியே வாங்குப் பலகையில் இருத்திவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். "நீங்க வயலெண்டு எழுதினா நான் கையெழுத்து வைக்கமாட்டன். புத்தகத்துக்கு மாறா ஒரு தாள் போனா நிபுணர்மார் முழுக்கட்டையும் திருப்பி அனுப்புவாங்க. தவணை தவறினா நன்கொடை நிக்கும், கந்தோர மூடுவாங்க. வெளிய குந்திக் கீறுற ஆக்களுக்கு வேலை போச்செண்டு நீங்களே போய்ச் சொல்லுங்க."

நான் வாதாடியிருக்கலாம். வேலையை அவர் மூஞ்சியில் எறிந்துவிட்டு வந்திருக்கலாம். வீட்டில் மனைவி பிள்ளைத்தாய்ச்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வற்றிய குளம், சுற்றிலும் பற்றைக்காடு என்று எழுதி, அடியில் என் பெயரை எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். அவரை ஆயிரம் தரம் ஏசியிருக்கிறேன். ஆனால் என் கையைப் பிடித்து யாரும் எழுதவில்லை.

வெளியே வந்தேன். ராத்தா வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"எழுதிட்டியா?"

"ஓம் ராத்தா. வயலெண்டு எழுதிட்டன்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். "அந்த சேரும் நல்ல மனிசன்தான். அவருக்கும் அல்லாஹ் நல்லது செய்யட்டும்." பஸ்ஸில் ஏறும்வரைக்கும் பாலை மரத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டு போனார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

அடுத்த வருசம் ஒப்பந்தம் முடிந்தது. கண்ணாடிகளும் ஜீப்பும் கொழும்புக்குப் போயின. எங்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த வேலைக்காக அதை எழுதினேனோ அந்த வேலையும் போனது.

அதற்கும் அடுத்த மாரியில் மழை முந்திவிட்டது. புழுதியில் விதைக்க முடியாமல், ராத்தாவும் மச்சானும் விதை நெல்லை ஊறப்போட்டு முளைகட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போனார்கள். வரம்பில் மிருகங்களுக்கு ஒதுக்கிய நிலத்தின் எல்லைக்கல் நட்டிருந்தது. காவலர்கள் மறித்தார்கள். ராத்தா விடவில்லை. "என்ட தம்பிதான் இந்தப் படம் கீறின. வயலெண்டு அவன்தான் எழுதின. எடுத்துப் பாருங்க" என்று அவர்களிடம் சண்டை பிடித்தாராம். அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். என் பெயரையும் வாசித்துக் காட்டினார்கள்.

அன்று பின்னேரமே கல்முனைக்குடிக்கு வந்துவிட்டார். என் மனைவி பாய் எடுத்துப் போட்டாள். இருக்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள். வாங்கவில்லை. ஏசுவார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"முளைகட்டின நெல்லு ரெண்டு சாக்கு வீட்டு முத்தத்தில கிடக்குடா," என்றார். "நாளைக்குள்ள விதைக்காட்டி அழுகிப்போகும். நீ படம் கீறுறவன்தானே. எங்க விதைக்கிறெண்டு ஒரு இடம் காட்டு."

எனக்குக் காட்ட இடம் இருக்கவில்லை. அந்த நெல்லைப் பிறகு மாட்டுக்கு வைத்தார்களாம்.