நெகட்டிவ் வந்தவர்களின் பட்டியல்

அக்கா இல்லாத முதல் ஆண்டு இன்று முடிகிறது. நினைவு நாளுக்கு வந்து இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரை நர்ஸ் என்றே நினைத்திருந்தீர்கள். அக்கா லேப் டெக்னீசியன். காசநோய் இருக்கிறதா என்று சளியைச் சோதிப்பது அவர் வேலை.

படப்பையில், மூவரில் மூத்தவராகப் பிறந்தார். திருமணமாகிக் கீழ்க்கட்டளைக்கு வந்தபின், ஓய்வு பெறும் வரை அருகிலிருந்த அரசு சுகாதார நிலையத்தில்தான் பணி. சளி எடுக்கும் டப்பாவைக் கொடுக்கும்போது எல்லோரிடமும் ஒன்றையே சொல்வார்: “எச்சிலைத் துப்பிக் குடுத்துட்டுப் போகாதீங்க. நெஞ்சுலேர்ந்து வரணும்.”

கொரோனா வந்தது. காசநோயைக் கண்டறியும் இயந்திரம் கொரோனா பரிசோதனைக்குப் போனது. அக்கா உட்பட ஊழியர்களும் அந்த வேலைக்கே போனார்கள். தெருவைத் தகரம் வைத்து அடைப்பார்கள் என்று பயந்து பலர் இருமலை மறைத்தார்கள். துணிந்து வந்தவர்கள் கொரோனா இல்லை என்று தெரிந்ததும் மகிழ்ச்சியாக வீடு திரும்பினார்கள். பல்லாவரம் தோல் பட்டறைத் தொழிலாளி ஒருவருக்கு அக்காவே அப்படிச் சொல்லி அனுப்பினார்.

சில வாரங்கள் கழித்து, மீண்டும் திறந்த வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவருடைய மனைவியைப் பார்த்தார். இடுப்பில் கைக்குழந்தை. “அவருக்கு இருமல் மட்டும் நிக்கல மேடம். அதான் கொரோனா இல்லையே,” என்றார் அந்தப் பெண். அக்கா காய்கறி வாங்காமல் வீடு திரும்பினார். நான் அப்போது அங்கே இருந்தேன். வந்ததும் அந்தத் தொழிலாளிக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் பேசுவது அவர் வழக்கம்.

“ஒண்ணுமில்லன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க?”

“கொரோனா இல்லன்னு சொன்னேன். டிபி இருக்கான்னு பார்க்காம விட்டது என் தப்பு. நாளைக்குக் காலையில சளி எடுத்துட்டு வா.”

“டிபின்னா தெருவே ஒதுக்கிடும். கொரோனாவுக்கே தகரம் அடிச்சானுங்க. இதுக்கு இன்னா அடிப்பானுங்க?”

“எனக்கு வந்திருக்கு தம்பி. பத்தொன்பது வயசுல.”

எதிர்முனையில் இருமல் மட்டும் கேட்டது. பிறகு, “சும்மா சொல்றீங்களா மேடம்?”

“மாத்திரையை முழுசா போட்டு முடிச்சேன். இப்ப உன்னைத் திட்டறதுக்குத் தெம்பு இருக்குல்ல? புள்ளையை நெனைச்சுப் பாரு.”

அந்தப் பத்தொன்பது வயதில் அக்காவுக்கு டைபாய்டு என்றுதான் உறவினர்களிடம் சொன்னோம். உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். அது காசநோய். அக்கா அதை வெளியாரிடம் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

மறுநாள் அந்தத் தொழிலாளி வந்தார். இயந்திரம் இல்லாததால் அக்கா பழைய மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கிருமி இருந்தது. சிகிச்சை தொடங்கியது, குழந்தைக்கு நோய் வராமல் தடுக்க மருந்து கொடுத்தார்கள். மீண்டும் ஊரடங்கு வந்தபோது அக்கா ஸ்கூட்டரில் போய் அவர் வீட்டு வாசலில் மாத்திரை கொடுத்தார்.

அதோடு, கொரோனா நெகட்டிவ் வந்தவர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொருவரையும் அழைத்தார். “இருமல் நின்னுடுச்சா?” சிலர் சலித்துக்கொண்டார்கள். “இல்லன்னு சொன்னப்புறமும் வுட மாட்டியாம்மா?” என்றார் ஒருவர். அழைத்தவர்களில் சிலருக்குக் காசநோய் இருந்தது. எத்தனை பேர் என்று அக்கா சொன்னதில்லை, நானும் ஊகிக்கவில்லை. தொடர்ந்து இருமுகிறவருக்கு இரண்டு பரிசோதனைகளையும் சேர்த்தே செய்யும் வழக்கம் அந்த நிலையத்தில் அப்போது வந்தது.

அக்கா சென்ற ஆண்டு மாரடைப்பால் காலமானார். மருத்துவமனையில் மூன்று நாள் இருந்தார். பதினாறாம் நாள் அந்தத் தொழிலாளி குடும்பத்தோடு வந்தார். அன்றைய கைக்குழந்தை இப்போது பள்ளிக்குப் போகிறாள். வீடு முழுக்க ஓடினாள். இதை எழுதலாமா என்று கேட்டேன். “பேர் வேணாம் சார். மத்ததெல்லாம் போடுங்க. படிச்சிட்டு எவனாவது ஒருத்தன் டெஸ்ட் எடுக்கப் போவான்ல,” என்றார்.

அந்த மூன்று நாளும் அக்காவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அத்தானைத் தனியே விடாமல் உடனிருந்த பக்கத்து வீட்டாருக்கும், அக்காவோடு பணியாற்றியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

உங்கள் வீட்டில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமிக்கொண்டிருந்தால், நாளைக் காலையே அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். அக்காவின் நாற்காலியில் இப்போது வேறொருவர் இருக்கிறார். கதவு எட்டு மணிக்குத் திறக்கிறது.